முன்னாடி வழியா, பின்னாடி வழியா? இடுப்பு மூட்டு கேள்வி பதில்

போன மாசம் முட்டி பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல இடுப்பு ஆபரேஷன் பத்தித்தான் இருக்கு, அதனால இந்த தடவை பூரா இடுப்பு மூட்டுக்கே. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. நாம "இடுப்பு வலி"ன்னு சொல்றது பெரும்பாலும் முதுகுக்குக் கீழ, புடவை கட்டற எடத்துல வர்ற வலி, அது முதுகுத்தண்டு சமாச்சாரம். நெசமா இடுப்பு மூட்டு தேஞ்சா கவட்டியில வலிக்கும், தொடை முன்பக்கமா இறங்கும், சில பேருக்கு முட்டியில மட்டும் வலிக்கும். முட்டி எக்ஸ்ரே நாலு எடுத்தாச்சு ஒண்ணும் இல்லங்கறாங்கன்னு எழுதியிருக்கற அயனாவரம் அம்மா, ஒரு தடவை இடுப்பு மூட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயசு, எடை 84 கிலோ, சுகர் இருக்கு. இடது பக்க மூட்டு முழுசா தேஞ்சு போச்சுன்னு மாத்தியே ஆகணும்னுட்டாங்க. ஒரு ஆஸ்பத்திரியில முன்பக்க வழியா பண்றோம், சதையையே வெட்ட மாட்டோம், மறுநாளே நடக்கலாம்னு சொல்றாங்க. இன்னொரு டாக்டர் நான் 20 வருஷமா பின்பக்கமாத்தான் பண்றேன், மாத்த மாட்டேன்னுட்டாரு. யாரை நம்பறது டாக்டர்?
வாசகி, மேற்கு மாம்பலம்

மறுநாள் நடக்கறது முன்பக்க வழிக்கு மட்டும் எழுதிக் குடுத்த சொத்து இல்லம்மா. பின்பக்கமா பண்ணினாலும் மறுநாள் காலையில பிசியோ தம்பி வாக்கரைத் தூக்கிட்டு வந்து நின்னுடுவாரு, தெம்பா இருக்கறவங்களை அன்னிக்கு சாயங்காலமே நாலு அடி நடக்க வெச்சுடறோம்.

ஒரே வீட்டுக்கு வாசல் வழியாவும் போகலாம், கொல்லைப்புறமாவும் போகலாம், பக்கத்து சந்து வழியாவும் போகலாம், இல்லையா, இந்த மூட்டும் அப்படித்தான். பின்பக்க வழியில பேஷண்ட்டை ஒருக்களிச்சு படுக்க வெச்சு, பிட்டத்து பெரிய சதையை நார் போற வாக்குலயே பிரிச்சு, உள்ள இருக்கற சின்னச் சின்ன சதைகளை எலும்புல இருந்து எடுத்துட்டு மூட்டுக்குள்ள போவோம், முடிச்சதும் அதையும் மூட்டோட உறையையும் திரும்ப எலும்போட தச்சுடுவோம். நடக்கறப்போ இடுப்பு ஒரு பக்கம் சாயாம தாங்கற முக்கியமான சதையை தொடவே மாட்டோம். இந்த வழிக்கு இருந்த கெட்ட பேரு, தொடை எலும்பு உச்சியில வைக்கற புது பந்து இடுப்பெலும்புல வைக்கற கிண்ணத்தை விட்டு கழண்டுக்கும்ங்கறது. அந்தப் பேரு வந்தது தைக்காம விட்ட காலத்துல, பந்தும் 22, 28 மில்லிமீட்டர்னு சின்னதா இருந்த காலத்துல. இப்போ 32, 36 போட்டு, உறையையும் ஒழுங்கா தச்சா அந்த ரிஸ்க் ரொம்பவே குறைஞ்சுடுது. இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன்.

பக்கவாட்டு வழி ஒண்ணு இருக்கு, 1982ல ஹார்டிஞ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் விவரமா எழுதி வெச்சது. பந்து கழண்டுக்கறது கம்மி. ஆனா நான் மேல சொன்ன அந்த தாங்கற சதையிலயே ஒரு பகுதியை எடுத்துத் தைக்கணும், அது சரியா ஒட்டலைன்னா ஆபரேஷன் நல்லா முடிஞ்சும் ஆள் விந்தி விந்தி நடப்பாங்க.

முன்பக்க வழி என்னமோ போன வருஷம் கண்டுபிடிச்ச மாதிரி விளம்பரம் பண்றாங்க, 19ஆம் நூற்றாண்டுலயே ஜெர்மனியில ஹ்யூட்டர்ங்கறவரு எழுதினது அது. ரெண்டு சதைக்கு நடுவுல இருக்கற இயற்கையான சந்துல புகுந்து போறது, அதனால சதையை வெட்டறதில்லங்கறது பெருமளவு உண்மைதான். ஆனா தொடை எலும்பை மேல தூக்கி அதுக்குள்ள புது பந்தைத் தாங்கற கம்பியை, ஸ்டெம்னு சொல்லுவோம், எறக்கணுமே, அங்கதான் கஷ்டம், பல பேருக்கு பின்னாடி உறையையும் ஒண்ணு ரெண்டு சின்ன சதையையும் விடுவிச்சாத்தான் எலும்பு மேல வரும். நாலஞ்சு வருஷம் முன்னாடி நானும் ஆசைப்பட்டு கத்துக்கப் போனேன், மொதல் பத்து கேஸ்ல ஒரு கேஸ்ல தொடை எலும்பு விரிசல் விட்டு கம்பி சுத்திக் கட்ட வேண்டியதாப் போச்சு, அந்த அம்மா நல்லபடியா நடந்துதான் வீட்டுக்குப் போனாங்க, ஆனா எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்ல. இந்த வழி கைக்குப் படிய 50ல இருந்து 100 கேஸ் வரைக்கும் ஆகும்னு அதைப் பண்றவங்களே சொல்றாங்க. அப்புறம் தொடை வெளிப்பக்கம் கொஞ்ச நாள் மரத்துப் போறது சகஜம், தோல் நரம்பு ஒண்ணு அந்த வழியிலயே ஓடுது.

லாபம் என்னன்னா, மொத சில வாரம் வலி கொஞ்சம் கம்மி, ஊனுகோலை கொஞ்சம் சீக்கிரம் தூக்கிப் போடலாம். மூணு மாசம் கழிச்சு ரெண்டு வழியில பண்ணினவங்களையும் பக்கத்து பக்கத்துல நடக்க விட்டா யாரு எதுன்னு எனக்கே தெரியாது.

உங்க அம்மா விஷயத்துல இன்னொண்ணு. கொஞ்சம் கனமான உடம்பு, சுகர் வேற. முன்பக்கம் போடற தையல் கவட்டி மடிப்புக்குப் பக்கத்துலயே இருக்கும், வயிறு அது மேல மடிஞ்சு விழும், நம்ம ஊர் மே மாச வேர்வைக்கு அந்த எடம் காயவே காயாது. சுகரோட அங்க புண்ணு ஈரமா இருந்தா இன்ஃபெக்ஷன் பயம். நான் உங்க எடத்துல இருந்தா அந்த 20 வருஷ டாக்டர்கிட்டதான் போவேன். நானும் பின்பக்க கட்சிதான், அதனால என் பேச்சை கொஞ்சம் தள்ளி வெச்சே கேட்டுக்கோங்க. ரெண்டு பேர்கிட்டயும் "இந்த வழியில வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க சார், எத்தனை பேருக்கு பந்து கழண்டுது, எத்தனை பேருக்கு எலும்பு விட்டுச்சு"ன்னு கேளுங்க. யாரு முகம் சுளிக்காம பதில் சொல்றாங்களோ அவங்க.

கேள்வி: எனக்கு 36 வயசு, ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. வேலை. ஒரு தோல் வியாதிக்கு ஸ்டீராய்டு எடுத்ததுல ரெண்டு இடுப்புலயும் ஏ.வி.என். (ரத்த ஓட்டம் நின்னு பந்து எலும்பு செத்துப் போறது) வந்துடுச்சு. வலது பக்கம் பந்து நசுங்கிடுச்சு, இடது பக்கம் ஆரம்ப நிலைன்னு எம்.ஆர்.ஐ.ல சொல்லுது. கொடேஷன்ல பந்து, கிண்ணம் எதுல பண்ணினதுங்கறதைப் பொறுத்து செராமிக் மேல செராமிக், செராமிக் மேல பிளாஸ்டிக், மெட்டல் மேல பிளாஸ்டிக்னு மூணு ரேட். பிளாஸ்டிக்னாலே பயமா இருக்கு. ஒரே தடவையில ரெண்டையும் மாத்திடலாமா, எது போட்டா ஆயுசுக்கும் வரும்?
வாசகர், சோழிங்கநல்லூர்

தம்பி, மொதல்ல அந்த இடது பக்கத்துல கை வைக்க விடாதீங்க, அதாவது மாத்த விடாதீங்க. பந்து இன்னும் நசுங்கலைன்னா அதுக்குள்ள ஓட்டை போட்டு அழுத்தத்தை எறக்கற சின்ன ஆபரேஷன் இருக்கு, கோர் டீகம்ப்ரஷன்னு சொல்லுவோம், எல்லாருக்கும் பலிக்காது, ஆனா பலிச்சா சொந்த மூட்டு சில வருஷம் கூட ஓடும். 36 வயசுல அது லாட்டரி அடிச்ச மாதிரி. நசுங்கின வலது பக்கத்துக்கு அந்த வித்தை எடுபடாது, அதை மாத்தத்தான் வேணும்.

பிளாஸ்டிக் பயத்துக்கு ஒரு கதை சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம் ரைட்டிங்டன்னு ஒரு ஆஸ்பத்திரி, அங்க ஜான் சார்ன்லின்னு ஒரு டாக்டர், இன்னிக்கு நாம பண்ற இந்த ஆபரேஷனுக்கே அவர்தான் அப்பா. 1950கள் கடைசியில அவர் கிண்ணத்தை டெஃப்லான்ல பண்ணினாரு, ஆமா, உங்க வீட்டு தோசைக்கல்லு மேல பூசியிருக்கே அதேதான். வழுக்கிட்டுப் போச்சு, எல்லாரும் கொண்டாடினாங்க. ரெண்டு மூணு வருஷத்துல அது தேஞ்சு மாவா கொட்டி, எலும்பை அரிச்சு, சுமார் 300 பேருக்குப் போட்டது வீணாப் போச்சு. மனுஷன் ஒடஞ்சுட்டாரு. அந்த நேரத்துல நெசவு மில் மெஷினுக்கு பல்சக்கரம் பண்ற ஒரு பிளாஸ்டிக்கை விக்க ஒரு சேல்ஸ்மேன் வர்றாரு, நம்ம பெரம்பூர் பின்னி மில் மாதிரி அந்தப் பக்கம் பூரா மில்லுங்கதானே. சார்ன்லி நகத்தால அழுத்திப் பார்த்துட்டு இதெல்லாம் தேறாதுன்னுட்டாரு. அவரோட டெக்னீஷியன் ஹாரி கிரேவன் கேக்கலை, அதை தேய்க்கற மெஷின்ல மாட்டி ராத்திரி பகலா ஓட்டினாரு. மூணு வாரம் ஓடியும் டெஃப்லான் ஒரே நாள்ல தேயற அளவுக்குக் கூட அது தேயலை. அந்த பாலிஎதிலீனை சார்ன்லி 1962 நவம்பர்ல பேஷண்ட்டுக்குப் போட ஆரம்பிச்சாரு, உடம்பு ஏத்துக்குதான்னு பார்க்க தன் தொடையிலயே ஒரு துண்டை வெச்சுத் தச்சுக்கிட்டவரு அவரு.

அந்த பழைய பிளாஸ்டிக்கும் தேயும், துகள் கொட்டும், அந்தத் துகளை திங்க வர்ற செல்லுங்க பக்கத்து எலும்பையும் சேர்த்துக் கரைக்கும், சில பேருக்கு பத்து பதினஞ்சு வருஷத்துல ஆட்டம் குடுக்கும். உங்க மாமா சித்தப்பா சொல்ற "பிளாஸ்டிக் தேஞ்சு போச்சு" கதை எல்லாம் அந்தக் காலத்துது. 1990கள் கடைசியில இருந்து கதிர் பாய்ச்சி இறுக்கின பிளாஸ்டிக் வந்துடுச்சு, ஹைலி கிராஸ்லிங்க்டுன்னு கொடேஷன்ல எழுதியிருப்பாங்க, எழுதலைன்னா கேட்டு எழுதி வாங்குங்க. தேய்மானம் பழசோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி.

செராமிக் மேல செராமிக் தேயறதுல எல்லாத்தையும் விடக் கம்மி, ஒத்துக்கறேன். ஆனா கிண்ணம் வைக்கற கோணம் கொஞ்சம் தப்பினாலும் ஓரத்துல உரசும், சில பேருக்கு படி ஏறும்போது கதவுக் கீல் மாதிரி கிரீச்சுனு சத்தம் வரும், மீட்டிங் ரூம்ல எழுந்து நடந்தா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. உடையறது ரொம்ப அபூர்வம். ஆனா உடைஞ்சா அந்தத் துண்டுங்களைப் பொறுக்கி எடுத்து திரும்ப மாத்தறது எங்களுக்குப் பெரிய தலைவலி.

உங்க வயசுக்கு நான் போடறது செராமிக் பந்து, கிராஸ்லிங்க்டு பிளாஸ்டிக் கிண்ணம். பந்து கீறல் விழாது, கிண்ணம் மன்னிக்கும். மெட்டல் பந்தோட வர்றது 75 வயசுக்காரருக்கு தாராளமா போதும், உங்களுக்கு வேண்டாம். யாராவது பந்தை வெட்டாம மேல தொப்பி மாட்டற ரீசர்ஃபேசிங் பண்ணலாம்னா, பர்மிங்காம்ல 1997ல வந்த அந்த டிசைன் சரியான ஆளுக்கு நல்லாவே ஓடியிருக்கு, ஆனா சரியான ஆளுங்கறது பந்து எலும்பு உறுதியா இருக்கற, பெரிய பந்து இருக்கற இளவயசு ஆம்பளை. உங்க பந்து எலும்பே செத்துப் போயிருக்கு, செத்த எலும்பு மேல தொப்பி மாட்டி என்ன பண்றது.

ஆயுசுக்கும் வருமான்னா, 2019ல லான்செட் பத்திரிகையில வந்த பெரிய கணக்கு ஒண்ணு இருக்கு, 25 வருஷம் கழிச்சு 100ல சுமார் 58 பேருக்கு அதே மூட்டு ஓடிக்கிட்டு இருக்குன்னு. அது பழைய பிளாஸ்டிக் காலத்து ஆளுங்களையும் சேர்த்த கணக்கு, உங்களுது அதை விட நல்லா வரும்னு நம்பலாம். இருந்தாலும் 36 வயசுல போடறவரு ஒரு தடவையாவது திரும்ப டேபிள் ஏற வேண்டி வரலாம்னு நெனச்சே போடணும். எவனாவது கேரண்டி எழுதிக் குடுத்தா எந்திரிச்சு வந்துடுங்க.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தொடை எலும்பு கழுத்துல உடைஞ்சு போச்சு. ஸ்டான்லியில சேர்த்திருக்கோம். பாதி மூட்டு மட்டும் மாத்தறோம், சிமெண்ட் போட்டு வைக்கறோம்ங்கறாங்க. சிமெண்ட் இல்லாததுதான் புதுசு, அதுதான் நல்லதுன்னு என் மச்சான் சொல்றான். ஆட்டோ ஓட்டறேன் சார், வெளிய பண்ண காசு கிடையாது.
வாசகர், வியாசர்பாடி

இந்தக் கேள்வி வந்த அன்னிக்கே போன்ல பதில் சொல்லிட்டோம், மத்தவங்களுக்காக இங்க போடறேன். விழுந்து உடைஞ்ச கேஸ்ல யோசிச்சு நாலு எடத்துல விசாரிச்சு ரெண்டு வாரம் கழிச்சு பண்ற வேலை கிடையாது, ரெண்டு நாளைக்குள்ள பண்ணிட்டா நல்லது, படுக்கையிலயே கெடந்தா சளி கட்டும், புண்ணு வரும், கால்ல ரத்தம் உறையும்.

உங்க மச்சான் சொல்றது வாலிபப் பசங்களுக்கு சரி. எலும்பு உறுதியா இருந்தா சிமெண்ட் இல்லாத ஸ்டெம்மை இறுக்கமா அடிச்சு எறக்குவோம், எலும்பு அதோட ஒட்டி வளரும். 74 வயசு எலும்பு உளுத்த மரம் மாதிரி, அதுல இறுக்கமா அடிச்சா அப்பவோ பின்னாடியோ விரிசல் விடும். 2022ல பிரிட்டன்ல இருந்து வந்த ஒரு பெரிய ஆராய்ச்சி, 60 வயசு தாண்டி உடைஞ்சவங்க 1225 பேரை வெச்சுப் பண்ணினது, சிமெண்ட் போட்ட குரூப்தான் கொஞ்சம் மேலன்னும் எலும்பு உடையறது கம்மின்னும் சொல்லுச்சு. சிமெண்ட்டுன்னா நாம வீடு கட்டறது இல்ல, பல் டாக்டர் பல்செட்டுக்குப் போடற அக்ரிலிக் வகைதான், அது பசை மாதிரி ஒட்டாது, இடுக்குல போய் நெறஞ்சு கெட்டியாகி ஸ்டெம்மைப் பிடிச்சுக்கும். அதை அழுத்தற நேரத்துல சில பேருக்கு பி.பி. எறங்கும், மயக்க டாக்டர் அதுக்குத் தயாரா நிப்பாரு, இதயம் வீக்னா முன்கூட்டியே சொல்லிடுங்க.

பாதி மூட்டா (பந்தை மட்டும் மாத்தறது) முழு மூட்டா (கிண்ணத்தையும் சேர்த்து மாத்தறது)ங்கறதுல, வீட்டுக்குள்ள நடமாடற ஆளுக்கு பாதி போதும். உங்க அப்பா தெனமும் பீச்சுல நாலு கிலோமீட்டர் நடக்கறவரா இருந்தா முழுசு பத்தி கேட்டுப் பாருங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, வார்டு பக்கத்துல இருக்கற காப்பீட்டு கவுண்டர்ல ரேஷன் கார்டு, ஆதாரோட போய் நில்லுங்க. அப்புறம், ஸ்டான்லி, ஜி.ஹெச். மாதிரி எடத்துல இந்த எலும்பு முறிவு கேஸ் ஒரு வாரத்துல பார்க்கறதை நான் தனியார்ல ஒரு மாசத்துல கூடப் பார்க்கறதில்ல. கை பழகினது அங்கதான்.

கேள்வி: ரோபோ ஆபரேஷன் பண்ணினா தப்பே நடக்காதாமே?
வாசகி, அண்ணா நகர்

ரோபோ தனியா நின்னு பண்றதில்லம்மா, டாக்டர் கையைத்தான் அது வழி தப்பாம பிடிச்சுக்குது. சி.டி. ஸ்கேன் எடுத்து திட்டம் போட்டு, கிண்ணத்தை நெனச்ச கோணத்துல வைக்க உதவும், அதுல கெட்டிக்காரன். கிண்ணம் 40 டிகிரி சாய்வா, 15 டிகிரி முன்னாடி திரும்பி இருக்கணும், இப்படி அப்படி 10 டிகிரி போகலாம்னு 1978லயே கணக்கு சொல்லியிருக்காங்க, ஆனா அந்தக் கணக்குக்குள்ள கச்சிதமா வெச்ச மூட்டும் கழண்டுக்குது. ரோபோல பண்ணினது மத்ததை விட பத்து வருஷம் அதிகமா உழைக்கும்ங்கறதுக்கு இதுவரைக்கும் ஆதாரம் இல்ல. உங்க டாக்டர் அதுலதான் பழகியிருக்காருன்னா பண்ணிக்கோங்க, அதுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

கேள்வி: வயசு 61. ஆறு வருஷம் முன்னாடி முதுகுல ஸ்க்ரூ போட்டு ரெண்டு எலும்பை இணைச்சிருக்காங்க. இப்போ இடுப்பு மூட்டு மாத்தணும். பூஜைக்கு சம்மணம் போட்டு உக்காரணும், கிராமத்து வீட்டுல இந்தியன் டாய்லெட்தான். முடியுமா?
வாசகர், தாம்பரம்

அந்த ஸ்க்ரூ விஷயத்தை நீங்க சொன்னது நல்லதாப் போச்சு, பல பேர் அது வேற இது வேறன்னு சொல்லாமயே விட்டுடறாங்க. உக்காரும்போது முதுகும் இடுப்பெலும்பும் சேர்ந்து பின்னாடி சாஞ்சு குடுக்கும், உங்களுக்கு அது பூட்டிப் போச்சு, அதனால மொத்த மடிப்பும் புது மூட்டு மேலயே விழும், கழண்டுக்கற வாய்ப்பு கூடுது. உங்களை மாதிரி ஆளுக்கு டூயல் மொபிலிட்டின்னு ஒரு டிசைன் இருக்கு, சின்ன பந்து ஒரு பிளாஸ்டிக் பந்துக்குள்ள, அந்தப் பெரிய பந்து கிண்ணத்துக்குள்ள, ரெண்டு எடத்துல சுத்தும். 1970கள்ல ஃபிரான்ஸ்ல பூஸ்கேங்கற டாக்டர் கண்டுபிடிச்சது. டாக்டர்கிட்ட பேரைச் சொல்லியே கேளுங்க.

சம்மணம் பத்தி ஒரு தப்பான பயம் இருக்கு. பின்பக்க வழியில பண்ணினவங்களுக்கு ஆபத்தான போஸ், காலை உள்பக்கம் திருப்பி குனியறது. தாழ்வான முக்காலியில உக்காந்து முட்டி ரெண்டையும் ஒட்டி வெச்சு செருப்பு வார் மாட்டறோம் பாருங்க, அதுதான். சம்மணத்துல கால் வெளிப்பக்கம் விரியுது, மூட்டுக்கு அது அவ்வளவு விரோதம் இல்ல, தரையில இருந்து எந்திரிக்கற நேரம்தான் வில்லங்கம். மூணு மாசம் போகட்டும், பிசியோ பார்த்து சொல்லட்டும். கிராமத்து டாய்லெட்டுக்கு மேல வைக்கற பிளாஸ்டிக் சேர் ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க, சர்ஜிக்கல் கடையில கெடைக்கும்.

கேள்வி: 2008ல மெட்டல் மேல மெட்டல் மூட்டு போட்டுக்கிட்டேன். வலி எதுவும் இல்ல. ஏதோ ஒரு மாடலை திரும்ப வாங்கிட்டாங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. விட்டுடலாமா?
வாசகர், பல்லாவரம்

விடாதீங்க சார். ஒரு மாடலை 2010 ஆகஸ்ட்ல உலகம் பூரா திரும்ப வாங்கினாங்க, இந்தியாவுலயும் ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்டது அது, உங்களுது அதுதானான்னு எனக்குத் தெரியாது. மெட்டலும் மெட்டலும் உரசி கோபால்ட், குரோமியம் ரத்தத்துல கலக்கும், சில பேருக்கு மூட்டைச் சுத்தி சதை அழுகி நீர் கோத்துக்கும், வலியே இல்லாமயும் இது நடக்கும். ரத்தத்துல கோபால்ட், குரோமியம் அளவு பார்க்கச் சொல்லுங்க, லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் தாண்டினா உஷாராகணும்னு பிரிட்டன்ல வெச்சிருக்காங்க. அதோட மெட்டல் நிழல் விழாம எடுக்கற எம்.ஆர்.ஐ. ஒண்ணு. எல்லாம் சரியா இருந்தா எடுக்கணும்னு அவசியமே இல்ல, வருஷா வருஷம் காட்டினா போதும்.

எந்த மாடல்னு தெரிஞ்சுக்க டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்க, அதுல பார்கோடு, லாட் நம்பரோட சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கிண்ணத்துக்கு ஒண்ணு, பந்துக்கு ஒண்ணு, ஸ்டெம்முக்கு ஒண்ணு. கெடைக்கலைன்னா ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல பேரு, தேதி போட்டு எழுதிக் குடுத்துக் கேளுங்க. கெடைச்சதும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, பார்த்து சொல்றேன்.